நிறைந்த களஞ்சியத்திற் பஞ்சம்: கீற்றோன்களின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாற்றை எடுத்துரைப்போர் அதனைப் பெரும்பாலும் தனிமனிதர் சிலரின் வீரகாதையாகவே காட்டிவருகின்றனர். ஓரிரவில் ஒரு மேதைக்கு ஓர் எண்ணம் உதித்தது. மறுநாட் காலையில் மனிதகுலம் ஒரு நோயினின்றும் விடுபட்டது என்ற தோரணையில் அக்கதைகள் அமைகின்றன. இன்சுலினின் வரலாறும் நம்மிற் பலரின் நினைவில் இவ்வாறே பதிந்திருக்கிறது. 1921ஆம் ஆண்டு, ரொறன்ரோ நகர், பான்டிங், பெஸ்ட் என்னும் இரு பெயர்கள். இவற்றுடன் கதை முற்றுப்பெற்றுவிடுகிறது.

நாம் அக்கதையை வேறொரு முனையிலிருந்து நோக்க விரும்புகின்றோம். இன்சுலின் எந்த மரணத்தைத் தடுத்து நிறுத்தியது? அம்மரணத்தை மனிதன் எவ்வாறு இனங்கண்டான்? இனங்கண்டு நூறாண்டுகளுக்கு மேலான பின்னரும் அது ஏன் முற்றாக ஒழியவில்லை? இவ்வினாக்களுக்கு விடை தேட முற்படும்போது, கண்டுபிடிப்பின் வரலாறு மட்டுமன்றி, அது யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையவில்லை என்ற சமுதாய வரலாறும் நம் முன் விரிகின்றது.

அம்மரணம் நீரிழிவு நோயாளர் பலருக்கு ஒரே விதமாக வந்தது. தணியாத தாகம், ஓயாது சிறுநீர் கழித்தல், நாளுக்கு நாள் உடல் மெலிதல், பின்னர் வாந்தி, வயிற்றுவலி, அழுகிய பழத்தை நினைவூட்டும் மூச்சின் மணம், ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, உறக்கம் போன்ற மயக்கம், முடிவில் சாவு. வைத்தியர்கள் இதனைக் ‘கீற்றோ அசிடோசிஸ்’ என்பர். நாம் இதனைக் கீற்றோ அமிலத்தேக்கம் என வழங்குவோம்.

நீரிழிவு பழைய நோய். சரகர், சுஸ்ருதர் ஆகியோரின் பெயரால் வழங்கும் ஆயுள்வேத நூல்கள் மதுமேகம் என இதனைக் குறித்தன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதையும், மெலிந்த இளையோருக்கு வருவது ஒருவகை, உடல் பருத்தோருக்கு வருவது இன்னொருவகை என்பதையும் அம்மரபினர் அவதானித்திருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்படோசிய நாட்டு வைத்தியர் அரட்டேயஸ், தசையும் அவயவங்களும் உருகிச் சிறுநீராக வெளியேறும் நோய் என இதனை வருணித்தார். இவ்வருணனை வெறும் கவித்துவக் கற்பனையன்று. பின்னர் நாம் காணப்போவதுபோல, உண்மையிலேயே அங்கு உடல் உருகுகின்றது. அவர் கண்டது சரி, காரணத்தையே அவராற் காண இயலவில்லை.

அவதானம் ஒன்று, அறிவு வேறொன்று. முன்னது பின்னதாக மாறுவதற்கு ஒரு சமுதாயம் சில கருவிகளையும் சில நிறுவனங்களையும் படைத்திருத்தல் வேண்டும். 1674இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பைப் பற்றி எழுதினார். 1776இல் லிவர்பூல் நகர வைத்தியர் மத்தியூ டொப்சன் சிறுநீரை ஆவியாக்கி, எஞ்சிய வெண்பொருள் சீனியே எனக் காட்டினார். குருதியின் நிணநீரும் இனிப்பதை அவர் கண்டார். ஆயினும் சீனியினால் மட்டும் ஒரு நோயாளி இரண்டு மூன்று நாட்களுக்குள் மயங்கிச் சாவதேன் என்பதை யாரும் விளக்கவில்லை. அதற்கு இரசாயனவியல் வளர வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மன் மொழி வழங்கிய நாடுகளில் அவ்வளர்ச்சி ஏற்பட்டது. சாயத் தொழிலும் உரத் தொழிலும் இரசாயனவியலைப் பல்கலைக்கழகத்தின் நடுநாயகமாக்கிய காலம் அது. ஆஸ்பத்திரி வார்டுக்கு அருகிலேயே ஆய்வுகூடம் எழுந்தது. படுக்கையிற் கிடந்த நோயாளியின் சிறுநீர் அடுத்த அறையிலிருந்த சோதனைக் குழாய்க்குச் சென்றது. இச்சிறிய தூரத்தைக் கடந்தமையே மருத்துவ வரலாற்றில் ஒரு பெரும் பாய்ச்சல் எனலாம்.

1857இல் பிராக் நகரில் வில்லெம் பெற்றேர்ஸ் என்பவர், நீரிழிவு மயக்கத்தால் இறந்துகொண்டிருந்த ஒரு நோயாளியின் சிறுநீரில் அசற்றோன் என்னும் பொருளைக் கண்டார். மூச்சில் வீசிய அந்த விசித்திர மணத்திற்கு முதன்முதலாக ஒரு பெயர் கிடைத்தது. 1865இல் கேர்கார்ட் என்பவர், அத்தகைய சிறுநீரிற் பெரிக்குக் குளோரைட்டை இட்டபோது செந்நிறம் தோன்றுவதைக் காட்டினார். அந்நிறத்திற்குக் காரணம் அசற்றோவசற்றிக்கமிலம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1874இல் பிரைபேர்க் நகரில் அடொல்ப் குஸ்மௌல், சாகும் தறுவாயிலிருந்த நீரிழிவு நோயாளரின் மூச்சை நுணுக்கமாக வருணித்தார். காற்று செல்லும் பாதையில் எவ்விதத் தடையுமில்லை. நுரையீரல் தாராளமாக விரிகிறது. ஆயினும் நோயாளி காற்றுக்காகத் தவிக்கிறான். இந்த ஆழ்ந்த பெருமூச்சு இன்றும் குஸ்மௌல் மூச்சு என்றே அழைக்கப்படுகின்றது.

குஸ்மௌல் அசற்றோனே நஞ்சு என ஐயுற்றார். அவ்வூகம் தவறானது. ஆனால் விஞ்ஞானத்திற் சில தவறுகள் வழிகாட்டிகளாகவும் அமைந்துவிடுகின்றன. பேர்னார்ட் நௌனின் என்பவரைச் சூழ்ந்து கோனிக்ஸ்பேர்க் நகரிற் பணியாற்றிய இளைஞர் குழு வேறு திசையிற் சென்றது. 1880இல் ஹலர்வோர்டன், நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் அமோனியா மிகுந்து வெளியேறுவதைக் கண்டார். உடல் எதற்காக இத்தனை அமோனியாவை ஆக்குகின்றது? ஏதோ ஓர் அமிலத்தை நடுநிலைப்படுத்துவதற்காகவே இருத்தல் வேண்டும். 1883இல் ஸ்ராடெல்மன் அவ்வமிலத்தைத் தேடினார். 1884இல் ஒஸ்கார் மின்கோவ்ஸ்கியும், அவரோடு தொடர்பின்றி மார்பூர்க் நகரிலிருந்த கூல்ஸ் என்பவரும், அது பீற்றா ஐதரொட்சிபியூற்றிரிக்கமிலம் என நிறுவினர். இந்நிலைக்கு ‘அசிடோசிஸ்’ என்னும் பெயரை நௌனின் வழங்கினார்.

இதனாற் பெறப்படுவது யாது? நோயாளியைக் கொன்றது சீனி மட்டுமன்று, மணமும் அன்று. குருதி அமிலத் தன்மையை நோக்கிச் சரிந்ததே முதன்மையான காரணம். நமது குருதியின் பீ.எச். பெறுமானம் 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட மிக ஒடுங்கிய எல்லைக்குள் நிற்பது. அது 7.3க்குக் கீழிறங்கும்போது உடல் தன் மூச்சினாலே அமிலத்தை வெளியேற்ற முயல்கின்றது. காபனீரொட்சைட்டு வெளியேற வெளியேற அமிலச் சுமை ஓரளவு குறையும். குஸ்மௌல் கண்ட பெருமூச்சு நோயின் தாக்குதலன்று; நோயை எதிர்த்து உடல் நடத்திய போராட்டம். பழைய வைத்தியன் மரணத்தின் அறிகுறியாகக் கண்டதை, புதிய விஞ்ஞானம் உயிரின் எதிர்ப்பாகக் கண்டது. நோக்கு மாறியபோது பொருளும் மாறிற்று.

அமிலமென்றால் காரத்தைக் கொடுத்தாற் போதாதா? அக்காலத்து வைத்தியரும் அவ்வாறே எண்ணினர். சோடாவுப்பை நாளத்தினூடு செலுத்தியும் பார்த்தனர். பெரும்பாலான நோயாளர் இறந்தே போயினர். அமிலம் ஊறிக்கொண்டிருந்த ஊற்றை அடைக்காது, வடிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தமையே அத்தோல்விக்குக் காரணம்.

அவ்வூற்றை இன்று நாம் நன்கு அறிவோம். உணவிலிருந்து வரும் குளுக்கோசு தசைக்கும் கொழுப்பிழையத்துக்கும் உட்செல்ல இன்சுலின் வேண்டும். அதனைச் சதையியிலுள்ள சிறு கலத்தீவுகள் சுரக்கின்றன. இன்சுலின் இல்லாதபோது குருதியிற் குளுக்கோசு பெருகி நிற்கும். இழையங்களோ பசித்து நிற்கும். சேமிப்பாக இருந்த கொழுப்பு அப்போது கட்டுக்கடங்காது உடைகின்றது. உடைந்த கொழுப்பமிலங்கள் ஈரலைச் சென்றடைகின்றன. ஈரல் அவற்றைக் கீற்றோன்களாக மாற்றிக் குருதியில் விடுகின்றது. ஈரலே புதுக் குளுக்கோசையும் ஆக்கி ஏற்கெனவே நிறைந்திருந்த குருதியில் மேலும் கொட்டுகின்றது. மிகுந்த சீனி நீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேற, உடல் வறள்கின்றது. களஞ்சியம் நிறைந்திருக்க, அதன் கதவு பூட்டியிருப்பதால், ஊர் பஞ்சத்திற் கிடந்து தன் வீட்டு மரங்களையே எரிப்பது போன்ற நிலை இது.

இவ்விடத்து ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். கீற்றோன் தன்னளவில் நஞ்சன்று. உண்ணாதிருக்கும் எவருடைய உடலிலும் அது தோன்றும். 1967இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோர்ஜ் காகில் குழுவினர், பல வாரங்கள் உண்ணாநிலையிலிருந்தோரின் மூளை, குளுக்கோசுக்குப் பதிலாகப் பெருமளவு கீற்றோன்களையே எரிபொருளாகக் கொள்வதைக் காட்டினர். பஞ்சகாலங்களை மனித இனம் கடந்துவந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். நோன்பிருப்பவனுக்கும் நீரிழிவு நோயாளிக்கும் வேறுபாடு எங்கே உளது? முன்னவனிடத்துச் சிறிதளவு இன்சுலின் எப்போதும் சுரந்து, கொழுப்பு உடைவதற்கு ஓர் எல்லை வகுக்கின்றது. பின்னவனிடத்து அந்தக் கடிவாளம் இல்லை. ஆகவே ஆபத்து கீற்றோனில் இல்லை. அதனைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அற்றுப்போவதிலேயே உளது.

சதையிக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை 1889இல் ஸ்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் யோசப் வொன் மேரிங்கும் காட்டினர். சதையி அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. எனினும் அவ்வறிவு மருந்தாக மாறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அவ்விடைக்காலத்தில் வைத்தியர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் பட்டினி. அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் அலன், சிறுநீரிற் சீனி மறையும்வரை உணவைக் குறைக்கும் முறையைக் கையாண்டார். அதனாற் சிலர் சில மாதங்களையும், மிகச் சிலர் சில ஆண்டுகளையும் பெற்றனர். அமிலத்தில் மூழ்கிச் சாவதா, பசியிற் சுருங்கிச் சாவதா என்பதே நோயாளியின் முன்னிருந்த தெரிவு. உயிரோடிருந்த சிறுவர் எலும்புக்கூடுகளாகக் காட்சியளித்தனர்.

ரொறன்ரோ பொது ஆஸ்பத்திரியில் இலவச நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருந்த லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அவர்களுள் ஒருவன். அவனது நிறை 65 இறாத்தல் மட்டுமே. 1922 ஜனவரி 11ஆந் திகதி அவனுக்குச் சதையிச் சாறு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சீனி சிறிது குறைந்தது, கீற்றோனில் மாற்றமில்லை, ஊசி போட்ட இடம் சீழ்க்கட்டியாயிற்று. முதல் முயற்சி தோல்வியே. பின்னர் இரசாயனவியலாளர் ஜேம்ஸ் கொலிப் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆந் திகதி அதனைச் செலுத்தியபோது ஒரு நாளுக்குள் குருதிச் சீனி 520இலிருந்து 120 மில்லிகிராமுக்கு இறங்கிற்று. சிறுநீரிலிருந்து கீற்றோன்கள் மறைந்தன. 1857இல் பிராக் நகரில் தொடங்கிய தேடல் 65 ஆண்டுகளின் பின் இந்த வார்டிற் பயன்தந்தது. மரணத்தின் முத்திரையாகக் கருதப்பட்ட ஒரு பொருள் மறையக்கூடியது என்பதை மனிதகுலம் அன்றுதான் கண்டது.

கீற்றோனின் மறைவே வெற்றியின் உரைகல்லாக அமைந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பான்டிங்கின் ஊக்கம், பெஸ்டின் உழைப்பு, மக்லியோட்டின் ஆய்வுகூடம், கொலிப்பின் கைத்திறன் ஆகியன இல்லையேல் அது நிகழ்ந்திராது. பெற்றேர்ஸ் முதல் நௌனின் வரையிலான அந்நீண்ட வரிசை இல்லையேல், நிகழ்ந்தது இன்னதென்று அறியவும் இயலாது. 1923இல் நோபெல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியோட்டுக்கும் கிடைத்தபோது, முன்னவர் பெஸ்டுடனும் பின்னவர் கொலிப்புடனும் பரிசுப் பணத்தைப் பகிர்ந்துகொண்டனர். அதனினும் பொருள் பொதிந்தது இன்னொரு செயல். இன்சுலின் ஆக்கவுரிமையைப் பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். இம்மருந்து ஒருவரின் தனியுடைமையாதல் தகாது என்பதே அதன் உட்கிடை.

அதே 1922ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அமெரிக்க வெளிநாட்டமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் ரொறன்ரோவுக்கு அழைத்துவரப்பட்டார். பட்டினி வைத்தியத்தால் அவரது நிறை 45 இறாத்தலாகக் குறைந்திருந்தது. அவரும் பிழைத்தார். இலவச வார்டிற் கிடந்த சிறுவன் 1935இல் 26 வயதில் நியூமோனியாக் காய்ச்சலால் இறந்தான். அமைச்சரின் மகள் 1981 வரை வாழ்ந்தார். இரு வாழ்வுகளைக் கொண்டு ஒரு விதியை நாம் வகுத்துவிட இயலாது. ஆயினும் ஒரே மருந்து இருவரையும் காத்த பின்னரும், அவரவர் காலூன்றி நின்ற நிலம் வேறுவேறாகவே இருந்தது என்பதை மறத்தலும் இயலாது.

இன்சுலின் வந்ததனால் அமிலத்தேக்கத்தின் சிகிச்சை ஒரேநாளில் முழுமை பெற்றுவிடவில்லை. இன்சுலின் செலுத்தியதும் குருதியிலுள்ள பொற்றாசியம் கலங்களுக்குள் விரைவாகப் புகும். அதனால் இதயம் தடுமாறக்கூடும். 1946இல் ஹொலர் என்பவர் இவ்வாபத்தைச் சுட்டிக்காட்டினார். இன்சுலினை நூற்றுக்கணக்கான அலகுகளாக அள்ளிச் செலுத்தும் வழக்கமே 1970கள் வரை நீடித்தது. 1973இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் அல்பேர்ட்டி குழுவினரும் அக்காலத்தில் வேறு சிலரும், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் சிறிய அளவே போதுமென நிறுவினர். நீர், உப்பு, பொற்றாசியம், சிறிதளவு இன்சுலின், அருகிலிருந்து கவனிக்கும் ஒரு தாதி: சிகிச்சையின் சாரம் இவ்வளவே. நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில், உரிய காலத்தில் வந்துசேரும் வயதுவந்தோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரே இன்று இதனால் இறக்கின்றனர். நூறாண்டுக்கு முன் நூற்றுக்கு நூறாக இருந்த மரணம் இது.

சோதனை முறையிலும் ஒரு நுட்பம் உளது. 1883இல் லேகல் என்பவர் புகுத்திய நைத்திரோபுரூசைட்டு முறையின் வழிவந்தனவே இன்றைய சிறுநீர்ச் சோதனைத் தாள்கள். அவை அசற்றோவசற்றிக்கமிலத்தையே காட்டும். 1884இல் மின்கோவ்ஸ்கி கண்ட அமிலத்தைக் காட்டா. அமிலத்தேக்கத்திலோ பின்னதே மூன்று மடங்கும் அதற்கு மேலும் மிகுந்து நிற்கும். சிகிச்சையால் நோய் தணியும்போது பின்னது முன்னதாக மாறுவதால், நோயாளி தேறிவரும் வேளையில் தாள் மேலும் கறுத்து, நோய் முற்றியதாகப் பொய்ச்சான்று கூறுவதும் உண்டு. குருதியிற் கீற்றோனை நேரே அளக்கும் சிறு கருவிகள் இக்குறையை நீக்கின. அவற்றின் கணக்குப்படி லீற்றருக்கு 0.6 மில்லிமூலுக்குக் கீழ் இயல்பு, 1.5க்கு மேல் எச்சரிக்கை. 3ஐ எட்டினால் அமிலத்தேக்கம் எனக் கருதி உடனே ஆஸ்பத்திரியை நாடல் வேண்டும்.

வரலாற்றின் விந்தையான ஒரு திருப்பத்தையும் இங்கு குறிப்பிடலாம். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்னும் பொருள், சீனியைச் சிறுநீரில் வெளியேறச் செய்யும் என 1886இல் வொன் மேரிங் காட்டியிருந்தார். அதன் வழித்தோன்றல்களான மாத்திரைகள் இன்று நீரிழிவுக்கு மருந்தாகவே வழங்கப்படுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நன்மை பயக்கின்றன. ஆயினும் அவற்றை உட்கொள்வோரிற் சிலருக்குக் குருதிச் சீனி அதிகம் உயராமலே அமிலத்தேக்கம் ஏற்படலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015இல் எச்சரித்தது. சீனி குறைவாக இருப்பதைக் கண்டு ஆறுதலடைந்து, கீற்றோனைச் சோதிக்காது விடும் நோயாளி பேராபத்தை அடையக்கூடும். சீனியும் கீற்றோனும் ஒன்றல்ல என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாடத்தை இருபத்தோராம் நூற்றாண்டு மீண்டும் படிக்க நேர்ந்தது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய இறுதி வினாவுக்கு வருவோம். அறிவு உண்டு, மருந்து உண்டு. மரணம் ஏன் தொடர்கின்றது?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜப்பானியர் வசப்பட்ட சங்காய் நகரில் இன்சுலின் அருகிற்று. நாசிகளிடமிருந்து தப்பி அங்கு அகதியாக வந்திருந்த ஏவா சக்சல் என்னும் பெண் நீரிழிவு நோயாளி. அவரும் கணவர் விக்டரும் ஒரு மருத்துவ நூலில் இருந்த குறிப்பைத் துணைக்கொண்டு, எருமையின் சதையியிலிருந்து இன்சுலினைத் தாமே வடித்தனர், முயல்களிற் சோதித்தனர், பின்னர் ஏவா தம் உடலிலேயே சோதித்தார். அம்மருந்து அவருக்கு மட்டுமன்றி, அங்கிருந்த நோயாளர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோருக்கும் உயிரளித்தது. இருவரும் வைத்தியர் அல்லர்; விஞ்ஞானிகளும் அல்லர். அறிவு நூலில் எழுதப்பட்டு எவர் கைக்கும் எட்டக்கூடியதாக இருந்தமையே அவர்களைக் காத்தது.

அதன்பின் அறிவு மேலும் விரிந்தது. 1955இல் பிரெடெரிக் சாங்கர் இன்சுலின் மூலக்கூற்றின் அமைப்பொழுங்கை முற்றாக அறிந்தார். 1965இல் சீன விஞ்ஞானிகள் பெரியதொரு கூட்டுக்குழுவாக உழைத்து மாட்டின்சுலினைச் செயற்கையாக ஆக்கினர். 1969இல் டொறதி ஹொட்ஜ்கின் அதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டார். 1978இல் மனித இன்சுலின் பற்றீரியாவில் ஆக்கப்பட்டு, 1982இல் விற்பனைக்கு வந்தது. மாட்டுச் சதையியை நம்பியிருந்த காலம் கழிந்தது. உற்பத்திக்கு எல்லையில்லை என்ற நிலை வந்தது.

வந்த பின்னரும் நிகழ்ந்தது யாது? உலகின் செல்வம் மிக்க நாடாகிய அமெரிக்காவில், இன்சுலினின் விலை இருபதாண்டுகளிற் பன்மடங்கு உயர்ந்தது. 2017இல் மினசோட்டா மாநிலத்தில் 26 வயது இளைஞரொருவர், பெற்றோரின் காப்புறுதியிலிருந்து வயதால் நீங்கிய சில வாரங்களில், கையிலிருந்த இன்சுலினைச் சிக்கனமாகப் பயன்படுத்த முயன்று அமிலத்தேக்கத்தால் இறந்தார். அவர் தாயாரும் பிறரும் நடத்திய போராட்டத்தின் பயனாக 2020இல் அம்மாநிலம் அவசரகால இன்சுலினுக்குச் சட்டமியற்றியது. ஒரு டொலருக்குக் கையளிக்கப்பட்ட கண்டுபிடிப்பின் நூற்றாண்டு நிறைவு இவ்வாறிருந்தது. உடலினுள் நிகழும் முரண்பாடு சமுதாயத்திலும் நிகழ்வதை இங்கு காண்கின்றோம். களஞ்சியம் நிறைந்திருக்கின்றது, கதவு பூட்டியிருக்கின்றது. உடலிற் கதவைத் திறப்பது இன்சுலின். சமுதாயத்தில் அக்கதவைத் திறப்பது எது என்பதை வாசகர் அறிவர்.

நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் செனக பிபிலேயும் 1971இல் அளித்த அறிக்கையும், அதே ஆண்டில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், மருந்தை வணிகப் பெயராலன்றி அதன் இயற்பெயரால் வாங்குவதும் வழங்குவதும் மக்களின் உரிமை என்ற கொள்கையை நிலைநாட்ட முயன்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, அக்கொள்கையின் மதிப்பு இன்னதென நாம் அனைவரும் உணர்ந்தோம். இன்சுலினைத் தவறவிட்டவன் பொறுத்திருக்க இயலாது. முதலாவது வகை நீரிழிவுடையோர்க்கு ஓரிரு நாட்களே போதும்.

விலை மட்டுமே காரணமன்று, அறியாமையும் காரணம். அவ்வறியாமையைப் போக்குவதில் நமது வாசகருள் மிகுதியானோராகிய ஆசிரியர்க்குச் சிறப்பான பங்குண்டு. இதற்கு நாம் கற்பனையை நாட வேண்டியதில்லை. இத்தாலியில் பார்மா மாகாணத்தில் 1991இல் ஒரு சுவரொட்டி இயக்கம் தொடங்கப்பட்டது. தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், படுக்கை நனைக்கும் பழக்கத்தை விட்ட பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குதல் ஆகியவற்றைக் காட்டும் எளிய படங்கள் 177 பாடசாலைகளிலும் குழந்தை வைத்தியர்களின் அறைகளிலும் ஒட்டப்பட்டன. இயக்கத்துக்கு முந்திய நான்காண்டுகளில், புதிதாக நீரிழிவு கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் அமிலத்தேக்கத்துடனேயே ஆஸ்பத்திரிக்கு வந்தனர். 1991 முதல் 1997 வரையில் அத்தொகை நூற்றுக்கு 12.5 ஆக வீழ்ந்தது. புதிய மருந்து எதுவும் அங்கு கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு தாளும், சிறிது மையும், சுவரைப் பார்த்த ஆசிரியரின் கண்ணும் இதனைச் சாதித்தன.

ஆகவே வகுப்பறையில் நாம் கவனிக்க வேண்டியன சில உள. அடிக்கடி தண்ணீர் கேட்டு, அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்கும் மாணவனைக் குறும்பனென்று அதட்டுமுன் ஒருகணம் சிந்தித்தல் வேண்டும். சில வாரங்களில் உடை தளர்ந்து மெலிந்த பிள்ளையை, பசியினாலோ பரீட்சைக் கவலையினாலோ மெலிந்ததென்று விட்டுவிடலாகாது. வாந்தியையும் வயிற்றுவலியையும் உணவுக் கோளாறென்றும், ஆழ்ந்த மூச்சை நெஞ்சுச்சளியென்றும் கொள்வது எளிது. அவ்வெளிமையிலேதான் மரணம் ஒளிந்திருக்கின்றது. விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு துளிக் குருதி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

நோயை ஏற்கெனவே அறிந்தவர்க்கும் ஒரு சொல். காய்ச்சலோ வாந்தியோ வந்து உணவு செல்லாதபோது, ‘சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?’ என எண்ணி இன்சுலினை நிறுத்துவதே பலரை ஆபத்திற் தள்ளுகின்றது. பிணியுற்ற வேளையில் உடலுக்கு இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படலாம். அளவை மாற்றுவது வைத்தியரின் ஆலோசனைப்படி நிகழலாம். அடிப்படை இன்சுலினை முற்றாக நிறுத்துதல் ஆகாது. சீனியோடு கீற்றோனையும் சோதித்தல், நீர் நிறையப் பருகுதல், வாந்தி நில்லாவிடினும் மூச்சு ஆழமாயினும் மயக்கம் தோன்றினும் காலந்தாழ்த்தாது ஆஸ்பத்திரி செல்லல் ஆகியவை உயிர்காக்கும் விதிகள்.

பிராக் நகர ஆய்வுகூடத்தில் ஒருவர் முகர்ந்த மணத்தை அறிவாக்க நூறு கைகள் உழைத்தன. அவ்வறிவை மருந்தாக்க மேலும் நூறு கைகள் உழைத்தன. அம்மருந்தை மருந்தகத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுசேர்க்கும் பணி இன்னும் முடியவில்லை. அது விஞ்ஞானியின் பணி மட்டுமன்று. விலையைக் கேள்விக்குள்ளாக்கும் குடிமகனின் பணி. வகுப்பறையின் கடைசி வாங்கில் வாடியிருக்கும் பிள்ளையின் அருகே சென்று, ‘உனக்கு ஏன் இவ்வளவு தாகம்?’ என்று கேட்கும் ஆசிரியரின் பணியுமாகும்.